ஆறிய தாரும் ஆறாத குறையும்

“ஆறின கஞ்சி பழங்கஞ்சி” என்பது எம்மவர் பழமொழி. அடுப்பினின்று இறக்கிய கஞ்சியை வேளைக்கு உண்ணாது காலம் தாழ்த்தினால், அரிசியும் விறகும் உழைப்பும் செலவானது செலவானதே; பயன் மட்டும் குன்றிவிடும். இப்பழமொழி கஞ்சிக்கு மட்டுமன்றி ஊவா மலைகளில் இடப்படும் தார் வீதிகளுக்கும் பொருந்தும் என்பதைக் கொஸ்லந்தப் பகுதி மக்கள் தம் சொந்த அனுபவத்தால் அறிவர். மாரிக்கு முன் இட்ட தார் மாரி முடியுமுன் பெயர்ந்து போவதும், பெயர்ந்த இடத்தில் மறு ஆண்டு மீண்டும் தார் கொட்டப்படுவதும், அதுவும் அவ்வாறே போவதும் அவர்களுக்குப் புதியனவல்ல.

அரசியல் வார இதழொன்று தார் ஏற்றும் லொறியைப் பற்றித் தலையங்கம் தீட்டுவதா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவர்கள் நகைக்கட்டும். மக்களின் வரிப்பணம் எங்கே செலவாகிறது, அச்செலவின் பயன் யாரைச் சேருகிறது, யாரைச் சேராது போகிறது என்னும் கேள்விகளே அரசியலின் அடிப்படை. அக்கேள்விகளுக்கு மலைநாட்டில் விடை தேடப் புகுந்தால், வீதியோரத்தில் நிற்கும் ஒரு தார் லொறியிடம் வந்து சேருவோம். ஆகவே அதைப் பற்றியே இவ்வாரம் பேசுகிறோம்.

பேரகலையிலிருந்து வெல்லவாயச் சமவெளிக்கு இறங்கும் ஏ-4 நெடுஞ்சாலையில் அமைந்த சிற்றூர் கொஸ்லந்த. 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் தியலும நீர்வீழ்ச்சியைக் காணச் செல்வோர் இவ்வூரைக் கடந்தே செல்வர். அவர்கள் காண்பது நெடுஞ்சாலையை மட்டுமே. நெடுஞ்சாலையினின்று கிளைத்து மேலேறும் தோட்ட வீதிகளை அவர்கள் காண்பதில்லை. பூனாகலைப் பக்கமும் மீரியபெத்தப் பக்கமும் ஏறும் அவ்வீதிகளில்தான் கொழுந்து லொறி தொழிற்சாலைக்கு ஓடுகிறது. பறித்த கொழுந்து சாக்குக்குள் வெதும்பிக் கெடுமுன் அது போய்ச் சேரவேண்டும். அவ்வீதிகளில்தான் மரக்கறி செய்யும் சிங்கள உழவரும் தமிழ் உழவரும் தம் விளைச்சலைப் பண்டாரவளைச் சந்தைக்கு அனுப்புகின்றனர். பிரசவ வேதனையுற்ற பெண் மருத்துவமனைக்குச் செல்வதும் அவ்வீதியிலேயே. வீதியின் தரம் என்பது இங்கே வசதியைப் பற்றிய கேள்வியன்று. வருமானத்தையும் உயிரையும் பற்றிய கேள்வியாகும்.

இனி, தார் என்பது யாது என்று பார்ப்போம். நிலக்கரியினின்று வடித்த பழைய தாரை இன்று வீதிக்கு இடுவாரில்லை. மண்ணெண்ணெயும் டீசலும் பிரித்தெடுத்தபின் கசடாக எஞ்சும் பிற்றுமினையே நாம் பழக்கத்தால் தார் என்கிறோம். கருங்கற் சல்லியையும் மணலையும் உலர்த்திச் சூடேற்றி, உருக்கிய பிற்றுமினோடு ஆலையிலே கலப்பதுவே சூட்டுக்கலவை. ஆலையினின்று வெளிப்படும் வேளையில் அதன் வெப்பம் ஏறத்தாழ 150 முதல் 160 பாகை செல்சியஸ். வீதியிற் பரப்பி உருளை ஓடத் தொடங்கும்போது அது 120 பாகைக்குக் குறையாதிருத்தல் நன்று. 80, 90 பாகைக்குக் கீழ் இறங்கிவிட்டாலோ, எத்தனை தொன் எடையுள்ள உருளையை எத்தனை முறை ஓட்டினாலும் அது நெருங்கி அமையாது. பிற்றுமின் இறுகிவிடும், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே வெற்றிடம் நின்றுவிடும்.

அந்த வெற்றிடமே வீதியின் யமன். அதன் வழியே மழைநீர் உட்புகும்; கல்லினின்று தாரைப் பிரிக்கும்; அடிப்படையைக் குழைக்கும்; ஒரு லொறிச் சில்லு ஏறியதும் குழி விழும். நன்கு இறுக்கிய மேற்பரப்பில் காற்றுவெளி நூற்றுக்கு 7 பங்கு அளவில் இருக்கும். அதற்குமேல் கூடும் ஒவ்வொரு பங்கும் வீதியின் ஆயுளில் ஏறத்தாழப் பத்திலொன்றைத் தின்றுவிடும் என்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பொறியியலாளர் 1989இல் எடுத்துக்காட்டினர். 1990களில் அதே மாநிலத்தில் வெப்பத்தைப் படம்பிடிக்கும் கருவிகொண்டு ஆராய்ந்தபோது மற்றோர் உண்மையும் புலனாயிற்று. லொறியில் வரும் கலவையின் நடுப்பகுதி சூடாகவே இருக்க, மேற்புறமும் ஓரங்களும் குளிர்ந்து ஓடுபோல் இறுகுகின்றன. அந்தக் குளிர்ந்த பகுதி வீதியில் விழும் இடங்களிலேதான், லொறிக்கு லொறி ஒழுங்கான இடைவெளியில், பின்னர் குழிகள் தோன்றுகின்றன. குழி விழும் இடத்தை விதி வகுக்கவில்லை, லொறி வகுத்தது.

இது அமெரிக்காவில் கண்ட உண்மை. எம் மலைநாட்டு நிலையை எண்ணிப் பாருங்கள். கலவை ஆலைகள் பெரும்பாலும் கற்குழிகளை அண்டியே அமைகின்றன. அங்கிருந்து புறப்படும் லொறி வளைவுக்கு வளைவு வேகம் குறைத்து, எதிரே வரும் பேருந்துக்கு ஒதுங்கி, மூடுபனியிலும் மலைக்காற்றிலும் ஊர்ந்து ஏறவேண்டும். ஏறி வந்தபின் தோட்ட வீதியின் குறுகிய முகப்பில் காத்து நிற்கவேண்டும். லொறியின் இரும்புப் பெட்டிக்கு வெப்பக்காப்பு இல்லை. மேலே கிடப்பதோ ஒரு கிழிந்த தறப்பாள். உள்ளிருக்கும் கலவை எந்நிலையில் வந்துசேரும் என்பதைக் கூறப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை.

அத்தகைய காட்சியொன்றை நாமே நேரிற் கண்டோம். கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தோட்ட வீதியில், பிற்பகல் மழை இருண்டு வரும் வேளையில், கலவையைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டி கட்டியாக விழுந்ததை மண்வெட்டியால் உடைத்துப் பரப்பினார்கள். ஆவி எழவில்லை. அருகில் நின்ற முதிய தொழிலாளி ஒருவர், முப்பது ஆண்டுகள் தார் வேலை செய்து கை காய்த்தவர், எம்மைப் பார்த்துச் சொன்னார்: “கைக்குச் சுடாத தாரு காலுக்கு நிக்காதுங்க ஐயா.” மேற்பார்வைக்கு வந்த அலுவலரிடம் வெப்பமானி இருக்கவில்லை. அளந்து பார்க்கவேண்டும் என்னும் எண்ணமும் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்த மாரியிலே அவ்வீதி பெயர்ந்தது. பெரியவரின் வாக்குப் பலித்தது. பட்டியற்பணம் அதற்கு முன்பே கைமாறிவிட்டது.

இக்குறைக்கு மருந்து இல்லையா? உண்டு. உலகம் அதைப் பல ஆண்டுகளாக அறியும். முதலாவது, பக்கங்களிலும் அடியிலும் வெப்பக்காப்பு அமைத்த லொறிப் பெட்டி. இதற்கு எரிபொருள் வேண்டா. இரண்டாவது, இயந்திரத்தினின்று வெளிப்படும் புகையின் சூட்டை வீணே விடாது பெட்டியின் அடித்தட்டு வழியே செலுத்தும் அமைப்பு. மூன்றாவது, குழி அடைக்கும் பணிக்கு ஏற்ற சூட்டுப்பெட்டி வண்டி. இரண்டு முதல் நான்கு தொன் கலவையை, டீசல் அடுப்பாலோ எரிவாயு அடுப்பாலோ, வெப்பம் தானே சீராகும் கருவியோடு, காலை முதல் மாலை வரை வேலைக்கேற்ற சூட்டில் வைத்திருக்க வல்லது. ஜெர்மனி 2010களில் தன் கூட்டாட்சி நெடுஞ்சாலைப் பணிகளுக்கு வெப்பக்காப்புள்ள வண்டிகளைப் படிப்படியாக நிபந்தனையாக்கிற்று. சமதரையும் அகன்ற சாலையும் உள்ள நாட்டுக்கே அது தேவையென்றால், ஊவாவின் வளைவுகளுக்குத் தேவையில்லையென்று யார் சொல்லத் துணிவார்?

சூட்டு வண்டி வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் கூறவில்லை. வழக்கறிஞர் தம் கட்சியின் பலவீனத்தையும் அறிந்தே வழக்காடவேண்டும். அளவுக்கு மிஞ்சிய சூட்டில் நெடுநேரம் வைத்தால் பிற்றுமின் காற்றோடு கலந்து முறுகி, பின்னர் வெடித்துப்போகும். ஆதலால் வண்டியோடு வெப்பமானியும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆளும் வேண்டும். மிகச் செங்குத்தான தோட்ட ஏற்றங்களுக்குக் கொங்கிறீற்று வீதியே ஏற்றது. அங்கே தாரை வற்புறுத்துவோர் நாமல்லர். சூடேற்றத் தேவையில்லாத குளிர்க்கலவையும் உண்டு. அவசர ஒட்டுக்கு அது உதவும். ஆனால் ஈரம் உலராத மலையில், பாரமான லொறிகள் ஓடும் வழியில், சூட்டுக்கலவையின் இடத்தை அது நிரப்புவது அரிது. எல்லாவற்றுக்கும் மேலாக, வடிகால் இல்லாத வீதிக்கு எந்தத் தாரும் துணையாகாது. முதலில் கான் வெட்டுங்கள்; பிறகு சூடு குன்றாமல் தார் இடுங்கள். இரண்டில் ஒன்றை விட்டாலும் மற்றது வீண்.

தார் வேலை செய்யும் தொழிலாளியை மறந்து வீதியைப் பற்றிப் பேசுவது பாவம். வீதியோரத்தில் பீப்பாயை நிறுத்தி, விறகு மூட்டித் தார் உருக்கி, வாளியில் ஏந்திச் செல்லும் வழக்கம் எம் நாட்டில் முற்றாக ஒழிந்துவிடவில்லை. உருகிய தாரில் சிறிது நீர் விழுந்தாலும் அது நுரைத்துப் பொங்கி வழியும். மழை நாட்டில் இந்த ஆபத்து எந்நேரமும் உண்டு. தோலில் ஒட்டிய தாரை இழுத்துப் பிடுங்கலாகாது. உடனே குளிர்ந்த நீரில் ஆறவிட்டு மருத்துவரிடம் சேர்க்கவேண்டும். இந்த எளிய பாடத்தையேனும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் எத்தனை பேர்? தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934ஆம் ஆண்டு முதல் எம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் நாட்கூலிக்கு வந்து, கையொப்பமிட்ட தாளொன்றும் இல்லாமல், உபஒப்பந்தக்காரரின் கீழ் நிற்பவர் அச்சட்டத்தின் வாசலை எங்ஙனம் தட்டுவார்? மூடிய பெட்டியில், தானே சூடு காக்கும் வண்டி வருமாயின், திறந்த நெருப்பும் ஏந்திய வாளியும் குறையும். வீதிக்கு நன்மை செய்யும் கருவியே தொழிலாளிக்கும் நன்மை செய்யும்.

இப்போது சட்டத்தின் பக்கம் வருவோம். தோட்டத்துக்குள் ஓடும் வீதி யாருடையது? காணிச் சீர்திருத்தங்களால் 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவோ, பொதுநிதியைத் தோட்ட எல்லைக்குள் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் வாக்களித்துப் பிரதேச சபைக்கு உறுப்பினரை அனுப்பலாம். அந்த உறுப்பினர் தம்மை அனுப்பிய மக்களின் வாசலுக்கு ஒரு வண்டித் தார் கொண்டுவர முடியாது! கம்பனியோ அது அரசின் கடமை என்றது. சபையோ அது கம்பனியின் காணி என்றது. இருவரும் கை காட்டிக்கொண்டிருக்க, வீதி குழியாயிற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த இந்த அநீதி 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே தளர்ந்தது. 1948இல் குடியுரிமை பறித்து, 2003 வரை அதனை முழுமையாகத் திருப்பித் தராது இழுத்தடித்த நாட்டில், வீதியுரிமைக்கும் இத்தனை காலம் காத்திருக்க நேர்ந்தமை வியப்பன்று. ஆயினும் ஒன்றைக் கேட்கிறோம்: தடை நீங்கிய பின்னும் தோட்டத்துக்கு வருவது மிச்சமும் மீதியும்தானா? நெடுஞ்சாலைக்குச் சூட்டோடு இட்டபின், ஆறி எஞ்சியதைத் தோட்ட வீதிக்குக் கொட்டுவதுதான் சமத்துவமா?

இக்கேள்வியைக் கொஸ்லந்தையில் நின்று கேட்பதற்குக் காரணம் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியதை மறந்த தமிழர் இருக்க முடியாது. பாடசாலைக்குச் சென்ற பிள்ளைகள் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது அவர்களிற் பலருக்கு வீடு இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது. மக்கள் மலையின் கீழ் இருந்தனர். தப்பியவர்களுக்கு மாற்று வீடுகள் கையளிக்கப்பட 2016 ஆயிற்று. 2023 மார்ச்சில் பூனாகலைக் கபரகலைத் தோட்டத்தில் மீண்டும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. பதுளை மாவட்டம் மிகக் கடுமையாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் ஒன்று. வீதிகள் அறுந்தன, ஊர்கள் தனித்தீவுகளாயின.

நல்ல தார் இட்டிருந்தால் மலை சரிந்திராது என்று கூறுவார் யாருமில்லை, நாமும் கூறவில்லை. ஆனால் எச்சரிக்கை ஒலித்த இரவில் முதியோரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு இறங்கும் வண்டிக்கு வீதி வேண்டும். சரிந்தபின் மண் அகற்றும் இயந்திரம் ஏறுவதற்கும் வீதி வேண்டும். உடைந்த மேற்பரப்பும் அடைபட்ட கானும் மழைநீரை வீதியினின்று சரிவுக்குள் திருப்பிவிடுகின்றன என்பதையும் மலையில் வாழ்வோர் அறிவர். புயலின் பின் அறுந்த வீதிகளை மீள அமைக்கப் பெருந்தொகை செலவாகும். இச்செலவில் எத்துணைப் பங்கு ஆறிய தாராகி மறு மாரியில் அடித்துச் செல்லப்படப் போகிறது? இதுவே இன்று எம்முன் நிற்கும் கேள்வி.

“பணம் எங்கே?” என்று கேட்பார்கள். 2022இல் செலாவணி வற்றி, எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றதையும், வீதிப் பணிகள் நடுவழியில் நின்றதையும் நாம் மறக்கவில்லை. அதனாலேயே கேட்கிறோம். ஒரு வீதியை ஒருமுறை செம்மையாக இடுவது சிக்கனமா, இரண்டாண்டுக்கொருமுறை இறக்குமதிப் பிற்றுமினைக் கொட்டிக்கொண்டிருப்பது சிக்கனமா? யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசலாமா? கோடிக்கணக்கில் வீதிக்குச் செலவிடும் அரசு, அதன் ஆயுளைக் காக்கும் பெட்டிக்கும் வெப்பமானிக்கும் கணக்குப் பார்ப்பது இத்தகைய பேரமேயாகும்.

ஆகவே நாம் கேட்பவை இவை. மலை மாவட்டங்களில் சூட்டுக்கலவைப் பணிக்குக் கோரப்படும் ஒவ்வொரு கேள்விப்பத்திரத்திலும், வெப்பக்காப்போ சூடேற்றும் அமைப்போ உள்ள வண்டியிலேயே கலவை கொண்டுவரப்பட வேண்டும் என்பது நிபந்தனையாகட்டும். ஆலையினின்று புறப்பட்ட வேளையும் வெப்பமும், பணியிடம் வந்த வேளையும் வெப்பமும் லொறிக்கு லொறி பதிவாகட்டும். குறித்த வெப்பத்துக்குக் கீழ் வந்த பாரம் திருப்பி அனுப்பப்படட்டும். அப்பதிவு இல்லாத பட்டியலுக்குப் பணம் இல்லை என்றாகட்டும். ஹல்துமுல்ல போன்ற வசதி குறைந்த பிரதேச சபைகள் அயற்சபைகளோடு கூடிச் சூட்டுப்பெட்டி வண்டியொன்றைப் பொதுவில் வைத்துக்கொள்ள மாகாண நிர்வாகம் உதவட்டும். சபையும் கம்பனியும் கூடித் தோட்ட வீதிகளின் பட்டியலொன்றை ஆக்கி, எது யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வைக்கட்டும். பணியிட அறிவிப்புப் பலகையில் ஒப்பந்தத் தொகையும் உத்தரவாதக் காலமும் சிங்களத்தோடு தமிழிலும் எழுதப்படட்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது காகிதத்துக்காகவன்று.

அரசிடம் கேட்பதோடு எம் கடமை தீர்ந்துவிடாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் எம் கையில் இருக்கிறது. எந்த வீதிக்கு எவ்வளவு செலவு, வெப்பப் பதிவு உண்டா, இறுக்கச் சோதனை நடந்ததா, உத்தரவாதக் காலம் எவ்வளவு என்று எந்தக் குடிமகனும் எழுத்தில் கேட்கலாம். வழங்குவதா மறுப்பதா என்பதை அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்தாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, ஆணைக்குழு உண்டு. வழக்கறிஞர்களே, மாதம் ஒரு விண்ணப்பத்தை ஒரு தோட்டத்துக்காக இலவசமாக எழுதிக்கொடுக்க உங்களால் இயலாதா? பொறியியலாளர்களே, வெப்பமானியைப் பிடிக்கவும் வாசிக்கவும் நாலு இளைஞருக்கு ஒரு ஞாயிறு மாலையில் கற்பிக்க இயலாதா? ஆசிரியர்களே, மருத்துவர்களே, நீங்கள் ஏறி வரும் வீதியும் அதுவே அன்றோ? உழவர்களே, தோட்டத் தோழர்களே, உங்கள் வாசலில் தார் கொட்டும் நாளில் வேலையைச் சற்று நிறுத்தி, வந்து நின்று பாருங்கள். ஆவி எழுகிறதா என்று பாருங்கள். எழாவிட்டால் நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், கேளுங்கள். கேட்பவன் முன்னே கலப்படம் கூசும்.

இந்நாட்டின் மலை வீதிகளை வெட்டிய கைகளில் எம் முன்னோரின் கைகளும் இருந்தன. மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்து வந்து, கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் மலையைத் திறந்தவர்கள் அவர்கள். அவர்கள் திறந்த வழியிலேயே பிறர் ஏறி வந்தனர். அவர்களின் பேரப்பிள்ளைகள் தம் வாசலுக்கு ஒரு செம்மையான வீதி கேட்பது சலுகை வேண்டுவதாகாது. செலுத்திய உழைப்புக்கும் கட்டிய வரிக்கும் கணக்குக் கேட்பதாகும்.

அடுத்த மாரி தொலைவில் இல்லை. அதற்குமுன் கொஸ்லந்த மலைக்கு ஏறப்போகும் தார் லொறி சூட்டோடு ஏறட்டும். அது ஆறி வந்தால், வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பும் உரிமையும் துணிவும் எம் மக்களுக்கு இருக்கட்டும்.